தாளின் ஓரத்தில் நின்றுபோன பிளவு

விருந்தினர் மாளிகையின் புல்தரையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒன்றல்ல, வரிசையாக. மூன்று கல் கூட்டி, மேலே கரி பிடித்த அலுமினியச் சட்டி. ஈரமான வாட்டில் மரத்து விறகு, எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். அந்தப் புகை மாளிகையின் பெரிய கண்ணாடி ஜன்னல்களில் போய் முட்டிக்கொண்டிருந்தது.

சாதாரணப் புல் அல்ல அது. மேலிடத்து ஆட்கள் காலை உலா போவதற்காகப் பாத்தி பாத்தியாகப் பதித்தது. தோட்டக்காரர் ஒருவர் அதற்குச் சீப்பு போடாத குறை. இப்போது அதன் மேல் கோணிப்பை, பாய், தகரப் பெட்டி, கோழிக்கூடு, ஈரத் துணி.

நான் ஜீப்பை விட்டு இறங்குவதற்குள் பொறியாளர் ஓடி வந்தார். மழைக்கோட்டின் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"நல்ல வேளை வந்தீங்க மேடம். நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும், எல்லாம் முடிஞ்சிரும்" என்றார்.

என்ன வரி என்பதை அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தக் குடும்பங்கள் அந்தப் புல்தரைக்கு எப்படி வந்து சேர்ந்தன என்று சொல்ல வேண்டும். கோபமாகத்தான் சொல்லப் போகிறேன். இத்தனை வருடம் ஆகியும் அது ஆறவில்லை. ஆற வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

கல் உடைக்கிற அம்மா

சென்ற வாரப் பகுதியைப் படித்த ஒரு வாசகர், "நம் பக்கமெல்லாம் பூமி ஆடாதே அம்மா. பழைய பாறை, கெட்டிப் பாறை என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்தார்களே" என்று எழுதியிருக்கிறார். அதே பாடத்தைத்தான் ஐயா, எங்கள் மேலதிகாரிகளும் படித்திருந்தார்கள். அதுதான் வினை.

எழுபதுகளின் பிற்பகுதி. அதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் மேற்கே ஓர் அணைக்கட்டுப் பக்கம் பூமி அதிர்ந்து, ஆட்கள் செத்து, ஊரே இடிந்திருந்தது. அதுவும் கெட்டிப் பாறைதான். அதற்குப் பிறகு மேலே யாருக்கோ சந்தேகம் தட்டியது. எந்தெந்த மலையில் எந்தெந்தப் பிளவு இன்னும் அசையக்கூடியது என்று தேடிக் கண்டுபிடித்து, வரைபடத்தில் கோடு போட்டு, பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பழனி மலையில் ஒரு துண்டு என் பங்குக்கு விழுந்தது.

பிளவு என்றால் வேறொன்றும் இல்லை. பாறை உடைந்து, ஒரு பக்கம் மறுபக்கத்தை உரசிக்கொண்டு நகர்ந்த இடம். மலைகளில் அப்படி எத்தனையோ உண்டு. பெரும்பாலானவை என்றோ நகர்ந்து, என்றோ செத்துப்போனவை. அவற்றின் மேல் கோட்டையே கட்டலாம். எங்களுக்கு வேண்டியது சாகாத பிளவு. அது பழைய பாறையை மட்டும் வெட்டியிருக்கிறதா, மேலே படிந்த புதிய ஓடை மண்ணையும் சேர்த்து வெட்டியிருக்கிறதா என்று பார்ப்போம். புதிய மண்ணையும் வெட்டியிருந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

நான் அப்போது கல்யாணம் ஆகாதவள். காக்கிக் கால்சட்டை, தொப்பி, தோளில் பை, கையில் சுத்தியல். மலைப்பாதையில் எதிர்ப்படுகிறவர்கள் முதலில் ஜீப்புக்குள் எட்டிப் பார்ப்பார்கள், "சார் எங்கே?" என்று. ஓட்டுநர் சங்கரலிங்கம் என்னைக் கைகாட்டி, "சாரே இவுகதான்" என்பார். பழனிக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லாம் அடிவாரத்தில் திருநீறும் மாலையும் விற்றுக்கொண்டிருக்க, இவர் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார். வண்டியைவிட வாய் வேகமாக ஓடும். அந்த வாய்க்கு நான் ஒரு நாள் நன்றி சொல்ல நேரும் என்று அப்போது தெரியாது.

ஊர்க்காரர்கள் எனக்குக் 'கல் உடைக்கிற அம்மா' என்று பேர் வைத்தார்கள். துறையில் வைத்திருந்த பேர்களைவிட அது எவ்வளவோ மேல்.

ஓடை திரும்பிய இடம்

முதலில் அய்யம்பாளையத்தில் கூடாரம் போட்டு வெயிலில் காய்ந்தோம். அந்தப் பக்கம் கிடைத்ததெல்லாம் செத்த பிளவுகள். பிறகு மலையேறி, வடகவுஞ்சிக்கு அப்பால் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே கூடாரம் மாறியது. அங்கே ஒரு சரிவுக்கு ஈரப்பாறை என்று பேர். சித்திரை வெயிலிலும் அங்கே பாறை கசிந்துகொண்டே இருக்கும். கசிவுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருந்தன. எனக்கு முதலில் மூக்கில் வேர்த்தது அங்கேதான்.

மேலிருந்து நேராக இறங்கும் ஓடை, அந்தக் கோட்டைத் தொட்டதும் சட்டென்று வலப்பக்கம் திரும்பி, கொஞ்ச தூரம் கோட்டோடேயே போய், மறுபடி கீழே இறங்கியது. பக்கத்து ஓடையும் அதே மாதிரி. அதற்கடுத்ததும். ஓடைக் கரையை வெட்டிப் பார்த்தேன். பாறை மாவாக அரைபட்டு, பிசைந்த கேழ்வரகு மாவு போலக் கையில் ஒட்டியது. அதற்கு மேலே கூழாங்கல் படிவம். அந்தப் படிவமும் அதே கோட்டில் அறுந்து, ஒரு பக்கம் ஒரு முழம் இறங்கிக் கிடந்தது.

மண்ணில் முழங்காலிட்டபடியே சிரித்தேன். சங்கரலிங்கம் பயந்துபோய், "என்னம்மா, பூச்சி கீச்சி கடிச்சிருச்சா?" என்றார். உயிருள்ள பிளவு ஒன்றைக் கண்டுபிடித்த புவியியலாளர் அப்படித்தான் சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் கடைசி.

கோடு ஈரப்பாறையில் தொடங்கி மேற்கே போனது. கூடவே நடந்தேன். ஒரு சின்ன முகடு தாண்டியதும் என் வரைபடத் தாள் முடிந்துவிட்டது. கோடு முடியவில்லை. பூண்டி என்கிற ஊர் இருக்கிற திசையில் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நானும் போனேன்.

அதுதான் எங்கள் துறையில் மகா பாவம்.

வரம்பு சார்

மலைகளை நாங்கள் தாள் தாளாகப் பிரித்துக்கொள்வோம். ஒரு தாளுக்கு ஒரு குழு. அடுத்த தாள் அடுத்த குழுவுக்கு. தாளின் ஓரம் என்பது காகிதத்தில் போட்ட நேர்கோடு. மலைக்கு அது தெரியாது. ஆனால் எங்கள் அலுவலகத்தில் மலையைவிடக் காகிதம் கெட்டி.

எங்கள் மேலதிகாரியை நாங்கள் வரம்பு சார் என்போம். எதைக் கேட்டாலும் "அது நம்ம வரம்பு இல்லையே" என்பார். கெட்ட மனிதர் இல்லை. பதவி ஓய்வு வரைக்கும் ஒரு சொல்லும் வாங்காமல் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அப்படிப்பட்ட நல்லவர்கள் செய்த கெடுதலைக் கெட்டவர்கள் செய்து நான் பார்த்ததில்லை.

அடுத்த தாள் முந்தின ஆய்வுப் பருவத்திலேயே முடிந்துவிட்டது என்றார். அந்தக் குழு அங்கே பிளவு எதுவும் போடவில்லை. ஆகவே பிளவு இல்லை. நான் பார்த்தேனே என்றேன். அந்த இடத்தைப் பார்க்க எனக்கு அதிகாரம் இல்லை என்றார். என் முன்னாலேயே ரப்பரை எடுத்து, ஓரத்துக்கு அப்பால் நான் பென்சிலில் நீட்டியிருந்த கோட்டை அழித்தார். அழித்துவிட்டுத் தூசியை வாயால் ஊதினார்.

சண்டை போட்டேன். அதன் பலனாக அடுத்த குழுவிலிருந்து ஒருவர் போய், வேண்டா வெறுப்பாக, தன் தாளில் ஒரு சின்னத் துண்டு போட்டார். அப்படியாவது வந்ததே என்று நினைத்தேன்.

பட்டியலில் சேர ஒரு விதி இருந்தது. குறிப்பிட்ட நீளத்துக்குக் குறைந்த பிளவு அதில் ஏறாது. சரியான விதிதான், நீளப் பிளவுதான் பெரிதாக ஆட்டும். ஆனால் நீளத்தைத் தாள் தாளாக அளந்தார்கள். என் தாளில் இருந்த துண்டு குட்டை. அடுத்த தாளில் இருந்த துண்டும் குட்டை. சேர்த்தால் விதியைத் தாண்டும். சேர்ப்பது யார் வேலை என்று எந்த விதியிலும் இல்லை. இரண்டையும் தள்ளிவிட்டார்கள்.

ஒரு பாம்பு வாசற்படியில் கிடக்கிறது, தலை உள்ளே, வால் வெளியே. உள்ளே இருப்பது அரைப் பாம்பு, வெளியே இருப்பதும் அரைப் பாம்பு, ஆகவே பாம்பே இல்லை என்று நிம்மதியாகப் படுத்துக்கொள்கிற வீட்டில் நான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

கோட்டை நம்பியவர்கள்

என் கோட்டை நம்பவே இல்லை என்று சொல்ல மாட்டேன். நம்பினார்கள். யாருக்கு வேண்டுமோ அவர்களுக்காக நம்பினார்கள்.

ஒரு பெரிய துறை ஈரப்பாறையில் விருந்தினர் மாளிகை கட்ட இடம் பார்த்திருந்தது. எந்தத் துறை என்று சொல்லப் போவதில்லை. கீழே சமவெளி வரைக்கும் தெரியும் இடம். நேராகப் பிளவின் தலைமேல். அதன் பொறியாளர்தான் பின்னால் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தவர். அப்போது ஒரு கூடை பேரிக்காயோடு என் கூடாரத்துக்கு வந்தார். நான் வெட்டிய கரையைக் காட்டினேன். மனிதர் கெட்டிக்காரர், உடனே புரிந்துகொண்டார். எங்கே கட்டலாம் என்று எழுத்தில் கேட்டார்.

சரிவுக்கு மேலே அகலமான திட்டு ஒன்று இருந்தது. அடியில் ஒரே பாறை, பிளவு எட்டாத இடம். அங்கே கட்டலாம், பூமி ஆடினாலும் தாங்கும் என்று எழுதிக் கொடுத்தேன். நான் எழுதியது சரி, இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் எழுதுவேன். பெரிய ஆள் படுக்கிற கட்டிலும் ஆடக் கூடாதுதான்.

அந்தத் திட்டு ஏற்கெனவே யாருக்கோ ஒதுக்கியாயிற்று என்பது என் வரைபடத்தில் இருக்காது. பொறியாளருக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்கு அங்கே காலனி கட்டுவதாக இருந்தது. சிலர் இடம் சொல்லியாயிற்று என்ற நம்பிக்கையில் பட்டர் பீன்ஸ்கூடப் போட்டுக் கொடி ஏற்றியிருந்தார்கள். அதில் ஒருத்திதான் லெட்சுமி.

லெட்சுமி

லெட்சுமிக்கு என் வயதுதான் இருக்கும். வாட்டில் பட்டை உரிக்கிற வேலை செய்துகொண்டு, காட்டுக்குள் தார்ச்சீட்டு போட்ட குடிசையில் புருஷன் முனியாண்டியோடு இருந்தாள். என் முகாமுக்கு விறகு கொண்டுவந்து போடுவாள். முதல் நாள் என்னைத் தொரைசானி என்று கூப்பிட்டாள். அப்படிக் கூப்பிட்டால் விறகு வேண்டாம் என்றேன். மறுநாளிலிருந்து அக்கா ஆனேன்.

பிறந்தது கண்டிப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில். பத்துக்குப் பன்னிரண்டு என்கிற மாதிரி ஓர் அறை, அதில் மூன்று தலைமுறை. ஒரு நாள் காகிதம் வந்தது, இது உங்கள் நாடு இல்லை என்று. கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, அங்கிருந்து மலைக்கு வந்தார்கள். அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான், கதவு போட்ட ஒரு வீடு. அதன் வாசல் அவள் வாசலாக இருக்க வேண்டும். லயத்தில் வாசல் எல்லாருக்கும் பொது.

மாளிகை மேலே போனதும் காலனிக்கு வேறு இடம் தேட வேண்டியிருந்தது. தேடினார்கள். சரிவிலேயே மேற்கே தள்ளி, முகட்டுக்கு அப்பால் இறக்கினார்கள். என் தாள் முடிந்த இடத்துக்கு அந்தப் பக்கம்.

பிளவு அங்கேயும் அதே பிளவுதான். அதே அரைபட்ட மண், அதே கசிவு. மாளிகைக்கு ஆகாத மண்.

நான் விடுப்பில் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியபோது அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தோண்டிய மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்தேன். கையில் ஒட்டியது. பக்கத்தில் லெட்சுமி தலையில் சும்மாட்டோடு நின்றுகொண்டிருந்தாள். தன் வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்து வரும் என்று காட்டினாள். அவளிடம் அப்போதே சொன்னேன், இந்த இடம் வேண்டாம் என்று. சும்மாட்டை எடுத்து உதறினாள்.

"வேணாம்னு சொன்னா அடுத்த எடம் குடுப்பாங்களாக்கா? அம்புட்டுத்தான், பேரை வெட்டிருவாங்க" என்றாள்.

அவள் சொன்னது அப்படியே உண்மை.

பசை

வருவாய் அலுவலகத்துக்குப் போனேன். உங்கள் வரைபடத்தில் அந்த இடம் இருக்கிறதா என்று கேட்டார்கள். தாளை விரித்துக் காட்டினேன். கோடு வந்து ஓரத்தில் நின்றது. அதற்கு அப்பால் வெள்ளைக் காகிதம். அந்த வெள்ளையைத் தட்டிக் காட்டி, "ஒண்ணும் இல்லையே மேடம்" என்றார்கள். அடுத்த தாளைக் கொடுக்கச் சொல்லி எங்கள் அலுவலகத்துக்கு எழுதினேன். அது வேறு பிரிவில் இருப்பதாகப் பதில் வந்தது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதை ஒரு யோகாசனமாகவே பயின்றவர்கள்.

கடைசியில் நானே அந்தப் பிரிவுக்குப் போய், இரண்டு தாள்களையும் வரம்பு சார் மேஜைமேல் விரித்தேன். சாப்பாட்டு அறையில் மைதா மாவு வாங்கிப் பசை காய்ச்சியிருந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டையும் ஓரம் சேர்த்து ஒட்டினேன். சிவப்பு மையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரே கோடாக இழுத்தேன். காலனி இருக்கும் இடத்தில் ஒரு வட்டம் போட்டேன்.

வரம்பு சார் கோட்டைப் பார்க்கவில்லை. பசை வழிகிறதா என்று பார்த்தார்.

"ரெண்டு ஷீட்டையும் பாழாக்கிட்டியேம்மா. இதுக்கு யார் பதில் சொல்றது?" என்றார்.

அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தியதற்காக எனக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. மலையிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. வீடுகள் எழும்பின. ஒரு மந்திரி வந்து ரிப்பன் வெட்டினார். அன்றிரவு அவர் மேலே மாளிகையில்தான் தங்கினார். நிம்மதியாகத் தூங்கியிருப்பார். என் கோட்டின் உபயம்.

கோடு அசைந்த நாள்

அதற்கு இரண்டு மழைக்காலம் கழித்து, ஐப்பசியில், ஒரு விடியற்காலை.

பெரிய நிலநடுக்கம் என்று சொல்லி உங்களைப் பயமுறுத்த எனக்கு விருப்பம் இல்லை. சின்ன நடுக்கம். கொடைக்கானல் டவுனில் தட்டுமுட்டுச் சாமான் கொஞ்சம் குலுங்கியது, நாய்கள் குரைத்தன, ஓட்டல்களில் தங்கியிருந்தவர்கள் லாரி போயிற்று என்று போர்வையை இழுத்துக்கொண்டார்கள். மாளிகையில் ஒரு கண்ணாடிகூட விரியவில்லை.

காலனியில் மட்டும், மழையில் ஊறிக் கிடந்த அந்த அரைபட்ட மண்ணின் மேல், ஒரு வரிசை வீடு அப்படியே விரிந்தது. விரிசல் எல்லாம் ஒரே நேர்கோட்டில். என் சிவப்புக் கோட்டை யாரோ பெயர்த்து எடுத்துப்போய் அங்கே வைத்த மாதிரி இருந்தது. முனியாண்டி வெள்ளனே எழுந்து வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சுவர் அவர் இடுப்பின் மேல் விழுந்தது.

உயிர் இருந்தது. அதற்குப் பிறகு அவர் நிமிர்ந்து நடக்கவில்லை. மூட்டை தூக்கிப் பிழைத்த மனிதர்.

விசாரணைக்கு வந்தவர்கள் வெரசாக முடித்துவிட்டார்கள். குடியிருப்போர் சுவரில் ஆணி அடித்திருக்கிறார்கள், அடுப்படியை மாற்றிக் கட்டியிருக்கிறார்கள், பராமரிப்புப் போதாது. இதுதான் முடிவு. ஆணி. ஒரு மலையின் பிளவை ஓர் ஆணியின் தலையில் கட்டிவிட்டு, பூசி மெழுகி, மதியச் சாப்பாட்டுக்கு மாளிகைக்குப் போனார்கள்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் சங்கரலிங்கம் வாயைத் திறந்தார். மாளிகைக்கு முதலில் பார்த்த இடம் எது, அது ஏன் மேலே போனது, அம்மா என்ன எழுதிக் கொடுத்தார்கள், பொறியாளர் அந்தக் காகிதத்தை எவ்வளவு பத்திரமாகப் பீரோவில் வைத்திருக்கிறார், ஒன்றுவிடாமல். லெட்சுமியும் அங்கே இருந்தாள். காலனியிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து காலனிக்கும் நடந்து, கால் வீங்கி உட்கார்ந்திருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு எழுந்து போனாள் என்று சங்கரலிங்கம் பிறகு சொன்னார்.

மறுநாள் காலை கதவு நிலைகளைப் பெயர்த்துத் தூக்கிக்கொண்டு எல்லாரும் திட்டுக்கு ஏறிவிட்டார்கள்.

அந்த ஒரு வரி

இப்போது புல்தரைக்குத் திரும்புகிறேன்.

பொறியாளருக்கு வேண்டிய வரி இதுதான். இந்தத் திட்டும் ஆபத்தான இடம், இங்கே மக்கள் குடியிருக்கக் கூடாது என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைக் காட்டிப் போலீசை வைத்து எல்லாரையும் இறக்கிவிடலாம். பாதுகாப்பு காரணம் என்றால் பத்திரிகைக்காரர்களும் வாயைத் திறக்க மாட்டார்கள். இதை அவர் தாழ்ந்த குரலில், எனக்கு உதவி செய்கிறவர் மாதிரி சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கோபம் ஒரு அளவைத் தாண்டினால் அப்படித்தான் வரும்.

"எழுதிடறேன் சார். மாளிகையையும் சேர்த்து இடிச்சு இறக்கணும்னு எழுதணும். பரவாயில்லையா?" என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பினார். இது அரசாங்க இடம், புல்லை நாசம் பண்ணியாயிற்று, யாரைக் கேட்டு வந்தீர்கள், எல்லார் மேலும் வழக்குப் போடுவேன் என்று கத்தினார். லெட்சுமி அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, ஊதுகுழலைக் கீழே வைத்தாள். எழுந்திருக்கவில்லை.

"இந்த எடம் ஆடாதுன்னு நீங்கதான சார் காகிதம் வாங்கி வச்சிருக்கீங்க. அதை நம்பித்தான் வந்தோம்" என்றாள்.

அதற்கப்புறம் அவள் அவரைப் பார்க்கவே இல்லை. குனிந்து அடுப்பை ஊத ஆரம்பித்தாள். அவள் உட்கார்ந்திருந்த இடம் எது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் பீன்ஸ் கொடி ஏற்றியிருந்த பாத்தியின் மேல்தான் அந்தப் புல்லைப் பதித்திருந்தார்கள்.

அவர்கள் இறங்கவில்லை. மழையில் தார்ப்பாயின் கீழே கிடந்தார்கள். போலீஸ் வந்தது, ஆனால் அந்தக் காகிதத்தை யாராவது கேட்டால் என்ன செய்வது என்று மேலிடத்தில் பயந்துவிட்டார்கள். தை பிறப்பதற்குள் மாளிகையின் பின்பக்கம் திட்டிலேயே மனை அளந்து கொடுத்தார்கள். நல்ல மனது வந்து கொடுத்ததாகச் செய்தி வந்தது.

எனக்கும் கிடைத்தது. மாற்றல். கல் என்று சொல்ல ஒரு ஜல்லிகூட இல்லாத கடற்கரைப் பகுதிக்கு. சங்கரலிங்கம் பெட்டியை ஏற்றிவிட்டு, "உங்களுக்கு அங்க என்னம்மா சோலி, மணலா உடைக்கப் போறீக?" என்றார். அன்று பேருந்து மலை இறங்குகிற வரைக்கும் அழுதேன். துக்கத்தில் இல்லை.

பட்டியல் வந்தது

எண்பதுகளின் கடைசியில் ஒரு கல்யாணத்துக்காகப் பழனி போனவள், மனது கேட்காமல் மலையேறினேன். அதற்குள் பட்டியல் அச்சாகி வந்துவிட்டது. வழவழப்பான காகிதம், முன்னுரை, நன்றியுரை. ஈரப்பாறைப் பிளவு அதில் இல்லை. இரண்டு அரைப் பாம்புகளும் இல்லை.

திட்டில் காலனி நன்றாக இருந்தது. சுவரில் ஒரு கீறல் கிடையாது. முனியாண்டி வாசலில் சாய்ந்து உட்கார்ந்து, பூண்டியிலிருந்து மூட்டையாக வரும் உள்ளிப்பூண்டைத் தண்டு நறுக்கித் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். அந்த வாசல் அவர்களுடைய வாசல். லெட்சுமி எங்கே என்றேன். கீழே கட்டட வேலைக்குப் போயிருக்கிறாள் என்றார்.

கீழே என்றால் எங்கே என்று கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

விட்டுவிட்டு வந்த காலனி இருந்த இடத்தில் சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டேஜ் எழும்பிக்கொண்டிருந்தது. தேனிலவுத் தம்பதிகள் படம் போட்ட பெரிய பலகை. மேனேஜர் சின்ன வயது, மரியாதையான பையன். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டு, டீ கொடுத்தார். பிறகு உள்ளே போய் ஒரு நகலை எடுத்து வந்தார். அச்சான பட்டியலின்படி இந்தச் சரிவில் பிளவு எதுவும் இல்லை என்று என் பழைய அலுவலகமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தது.

டீயை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு விட்டிருந்தார்கள். ஜல்லிச்சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் பெண்கள் தூக்குவாளியோடு கிளம்பினார்கள். நல்ல மர நிழல் அங்கேயே இருந்தது, குழாயும் இருந்தது. ஆனால் ஒருத்தியும் உட்காரவில்லை. வரிசையாகச் சரிவில் மேலே ஏறத் தொடங்கினார்கள். லெட்சுமி என்னை அடையாளம் கண்டு, கையைப் பிடித்துக்கொண்டாள். கை சொரசொரவென்று இருந்தது. பசி வேளையில் எதற்கு இவ்வளவு தூரம் ஏறுகிறீர்கள் என்று கேட்டேன்.

"கூலி குடுக்குறான், கல்லு சொமக்குறேன்க்கா. அந்த மண்ணுல ஒக்காந்து ஒரு வாய் சோறு திங்க மாட்டேன்" என்றாள்.

பின்னாலிருந்து மேனேஜர் கூப்பிட்டார். தினமும் அரை மணி நேரம் வீணாகிறதே, இவர்கள் எதற்கு மேடம் மேலே போய்ச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். சற்று முன்னால் அவர் எதிரில் உட்கார்ந்து நான் சொன்னதெல்லாம் அதுதான்.

அவருக்கு மறுபடி சொல்லவில்லை. லெட்சுமியின் தூக்குவாளியை நான் வாங்கிக்கொண்டு அவர்களோடு மேலே ஏறினேன்.